வரிசை எண் 386

வட்டச் செயலாளர் சொல்லித்தான் அனுப்பினார்:
டெல்லிபாபு வீட்டுக்குப் போகாதே,
அது குடை வீடு. நேரம்தான் வீண்.
ஓட்டும் வராது, தண்ணிகூடத் தரமாட்டான்.

டீ வந்தது.
கைப்பிடி உடைந்த பீங்கான் கப்பில்,
சர்க்கரை தூக்கலாக.

எங்களுடையது கூடை.
ஒரு சுழிதான் வித்தியாசம்.
கொருக்குப்பேட்டை கேட்டை ஒட்டிய சுவரில்
இரண்டையும் எழுதியவர் ஒரே பெயின்டர்.
கூடைக்கு ஐம்பது ரூபாய் சேர்த்துக் கேட்டாராம்,
சுழிக்கு.

"இன்னாமே, குடையைக் கவுத்துப் போட்டா கூடையா?"
என்றார் டெல்லிபாபு.
சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.
பூத் சிலிப் கட்டை மடியில் வைத்துக்கொண்டு
ஆரம்பித்தேன்:
கால்வாய்க்குத் தடுப்புச் சுவர்,
ஒருநாள் விட்டு ஒருநாள் லாரித் தண்ணி,
ரேஷன் கடைக்குச் சொந்தக் கட்டடம்...
அவர் சுவரைக் காட்டினார்.
இடுப்பு உயரத்தில் கறுப்பாக ஒரு கோடு.
கால்வாய் உள்ளே வந்த ராத்திரி
போட்டுவிட்டுப் போனது.
"நாலு தபா சுண்ணாம்பு அடிச்சிட்டேன், மேல வந்துகினே கீது.
அன்னிக்கு உங்க ஆளு எங்க இருந்தாரு?"

என் வீட்டுச் சுவரிலும் அதே கோடு.
அவருடையது பள்ளம், எங்களுடையது ஒரு படி மேடு,
அதனால் கோடு கொஞ்சம் கீழே.
அந்த ஒரு படி அளவுக்குத்தான்
எனக்குக் கட்சி மேல் நம்பிக்கை அதிகம்.

"உங்க ஆளு மட்டும் வந்தாரா?"
"பால் பாக்கெட் குடுத்தாரு."
"அரை லிட்டர்."
"அரை லிட்டர்தான். குடுத்தாரில்ல?"

கேட் மூடும் மணி.
கூட்ஸ் வண்டி.
இந்தப் பக்கத்துச் சண்டைகளுக்கெல்லாம்
இடைவேளை விடுவது ரயில்வேதான்.
வாயை மூடிக்கொண்டு பெட்டிகளை எண்ணினேன்.
நாற்பத்து மூன்று என்றேன்.
நாற்பத்து நாலு என்றார்.

சிலிப்பைக் கிழித்துக் கொடுத்தேன்.
385, டெல்லிபாபு.
பழக்கத்தில் அடுத்ததும் கிழிந்து வந்துவிட்டது.
386, ஜெகதா.
போன ஆடியில் போனவளுக்குப்
பட்டியலில் ஒரு வயது கூடியிருக்கிறது.

"மன்னிச்சுக்கோண்ணா" என்று கையை நீட்டினேன்.
அவர் திருப்பித் தரவில்லை.
"எங்க வூட்ல ரெண்டு ஓட்டு.
இருபத்தாறு வருசமா ரெண்டும் குடை.
ஒரு தபாகூட மாறினது இல்ல.
அவளுக்காகவாவது நான் மாற மாட்டேன், பாத்துக்கோ."

பார்த்துக்கொண்டேன்.
தண்ணி லாரி வரிசையில்
என் குடத்துக்குப் பின்னால் தன் குடத்தைக் காலால் நகர்த்தியபடி
ஜெகதா காதோடு சொன்னது
மூன்று தேர்தலாக எனக்குத் தெரியும்.
கூடையில் அழுத்தும்போது விரல் நடுங்குமாம்.
வெளியே வந்தால்
கேட் முனையில் இவர் பஜ்ஜி வாங்கித் தருவாராம்,
ஏற்கெனவே ஜெயித்த மாதிரி.
"பாவமா இருக்கும்டி. ரெண்டு தின்னுட்டு வந்துருவேன்."

சொல்லியிருக்கலாம்.
அந்த வீட்டில் நான் ஜெயிக்க
ஒரு வரி போதும்.
வட்டச் செயலாளரிடம் சொல்லிச் சிரிக்கவும் ஆகும்.
கப்பின் அடியில் கரையாத சர்க்கரை கிடந்தது.
சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன், நகரவில்லை.

"நீயும் அவளும் லைன்ல அவ்ளோ நேரம்
இன்னாதான் பேசுவீங்க?"

"தண்ணி பத்திதான்ணா."

"தண்ணி."

386ஐ மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.
385 பெஞ்சிலேயே கிடந்தது, ஃபேன் காற்றில் ஒரு முனை துடித்தபடி.
கப்பை எடுத்து அதன் மேல் வைத்தேன்.

வீட்டுக்கு வீடு குறிக்கச் சொல்லியிருக்கிறார்கள்:
நம்மவர், எதிர், சந்தேகம்.
385க்கு எதிர் என்று போட்டேன்.
அடுத்த வரியில் பேனா நின்றது.
மாடியில் 387 இருமுகிற சத்தம் கேட்டது,
ஏறினேன்.